அறுபது அடி

பேஸ்பால் மைதானத்தில் ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸுக்கு 90 அடி. பந்தை அடித்தவன் மட்டையைப் போட்டுவிட்டு அந்த 90 அடியை ஓட வேண்டும். அவன் போய்ச் சேருமுன் பந்து அங்கே நிற்பவன் கைக்கு வந்துவிட்டால் அவுட். ஆட்டத்தின் சுவாரசியம் பாதிக்குமேல் இந்தப் பந்தயத்தில்தான் இருக்கிறது. தேர்ந்த ஆட்டக்காரர்கள் ஆடும்போது ஓடுகிறவனும் பந்தும் ஏறத்தாழ ஒரே நொடியில் வந்து சேரும். நடுவர் கண்ணை இடுக்கிப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்வார். அதே மைதானத்தில் பத்து வயதுப் பையன்களை இறக்கினால் கணக்கு குலைந்துபோகும். எறிந்த பந்து பாதி வழியில் தரை தட்டி உருளும், ஓடுகிறவனுக்கு மூச்சு வாங்கும், பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவி வரும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், வில்லியம்ஸ்போர்ட் என்ற ஊரில், கார்ல் ஸ்டாட்ஸ் என்ற 28 வயது எழுத்தர் 1938-ல் இந்தத் தூரத்தோடு மல்லுக்கட்டத் தொடங்கினார். கடைசியில் 60 அடியில் வந்து நின்றார். மறுவருடம் அந்த 60 அடியின்மேல் அவர் கட்டிய சிறுவர் போட்டிதான் இன்று பல நாடுகளில் நடக்கிற லிட்டில் லீக்.

அமெரிக்கர்கள் இந்தக் கதையைத் தொடங்குவது வேறு இடத்தில். 1938 ஆகஸ்டில் ஒரு நாள் ஸ்டாட்ஸ் தன் சகோதரியின் பிள்ளைகள் இருவரோடு வீட்டு முற்றத்தில் பந்து எறிந்து விளையாடிக்கொண்டிருந்தார். தப்பிப் போன பந்தைப் பிடிக்க ஓடியபோது வெட்டி விட்டிருந்த லைலாக் புதரின் குச்சி காலைக் கீறியது. வலியோடு உட்கார்ந்தவருக்கு, தன் சிறுவயதில் பெரிய பையன்கள் தன்னை ஆட்டத்தில் சேர்க்காத நினைவு வந்தது. உங்களுக்கென்று சீருடையும் புதுப்பந்தும் தூக்க முடிகிற மட்டையுமாக ஓர் அணி அமைத்துத் தருகிறேன் என்று அந்தப் பையன்களுக்கு வாக்குக் கொடுத்தார். பிறகு பல ஆண்டுகள் உழைத்தார். கதை இப்படிப் போகும். அந்தக் காலின் கீறலும் வாக்கும் உழைப்பும் நடந்தவைதாம். ஆனால் தன்னார்வப் பயிற்சியாளர் ஒருவரின் வரலாற்றைத் தியாகக் கதையாக மட்டும் சொன்னால், அவர் செய்த வேலை நம் கண்ணில் படாமல் போய்விடுகிறது. தியாகி என்று புகழ்ந்து மாலை போட்டுவிட்டு, அவர் என்ன கண்டுபிடித்தார் என்று கேட்க மறந்துவிடுகிறோம். ஸ்டாட்ஸ் கண்டுபிடித்தது அளவை. பையனின் உடம்புக்கு ஏற்ற மைதானம், அக்கம்பக்கத்துக்கு ஏற்ற அமைப்பு என்று இரண்டு அளவுகள். முதலாவது நிலைத்தது. இரண்டாவதில் கோடு மட்டும் மிஞ்சியது, அதன் நோக்கத்தை அவருடைய அமைப்பே கைவிட்டது. எதிரில் நிற்கும் பிள்ளையைப் பார்த்து அளவு எடுப்பதுதான் ஊர்ப் பயிற்சியாளரின் தொழில்நுட்பம் என்பதும், அது அலுவலகத்துக்குக் கைமாறும்போது வேறொன்றாக மாறிவிடுகிறது என்பதும் என் வாதம்.

முதலில் ஒரு கேள்வி. இந்த வேலை ஏன் ஓர் எழுத்தரின் தலையில் விழுந்தது? 1930-களின் அமெரிக்காவில் உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கும் விளையாட்டுத் திடல் மேற்பார்வையாளர்களுக்கும் பஞ்சமில்லை. விளையாட்டுத் திடல்களுக்கான தேசியச் சங்கம் 1906-லேயே தோன்றியிருந்தது. ஆனால் அந்தப் பத்தாண்டில் உடற்கல்வித் துறையினர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்: தொடக்கப்பள்ளி வயதுக் குழந்தைகளுக்குக் கடும்போட்டி ஆகாது, வெற்றி தோல்வியின் அழுத்தம் பிஞ்சு உடம்புக்கும் மனசுக்கும் கெடுதி. நல்லெண்ணத்தில் எடுத்த முடிவுதான். ஆனால் அதன் விளைவாகப் பயிற்சி பெற்றவர்கள் அந்த வயதுப் பிள்ளைகளின் போட்டி விளையாட்டிலிருந்து ஒதுங்கிக்கொண்டார்கள். பிள்ளைகளோ போட்டி போடுவதை நிறுத்திக்கொள்ளவில்லை. காலியான இடத்தில் அப்பன்மார்களும் மாமன்மார்களும் வந்து நின்றார்கள். அமெரிக்கன் லீஜன் என்ற முன்னாள் படைவீரர் சங்கம் 1925-லிருந்து பேஸ்பால் போட்டி நடத்தியது, ஆனால் அது பதின்வயதினருக்கு. பிலடெல்பியாவில் 1929-ல் ஜோ டாம்லின் தொடங்கிய சிறுவர் அமெரிக்கக் கால்பந்து, பாப் வார்னர் என்ற பெயரில் பின்னாளில் பெரிதாக வளர்ந்தது. பேஸ்பாலில் பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவனுக்கு இடமில்லை. ஆக, தன்னார்வலர் இங்கே நிபுணருக்கு உதவியாளாக வரவில்லை. நிபுணர் எழுந்து போன நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஊரின் நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சஸ்குவெஹானா ஆற்றின் மேற்குக் கிளையோரம் இருக்கும் வில்லியம்ஸ்போர்ட், 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் மரம் அறுத்துக் கொழுத்த ஊர். மலையில் வெட்டிய கட்டைகளை ஆற்றில் மிதக்கவிட்டு இங்கே மடக்கிப் பிடித்து அறுப்பார்கள். காடு தீர்ந்தது, செல்வர்களும் போனார்கள், மாளிகைகள் மட்டும் மிஞ்சின. அதன்பின் பொருளாதார மந்தம்; 1936-ல் பெருவெள்ளம். இந்த ஊரில் 1939 வசந்தத்தில் ஒருவர் கடைகடையாக ஏறி, பையன்களின் சீருடைக்கு 30 டாலர் தாருங்கள் என்று கேட்டால் என்ன பதில் கிடைத்திருக்கும்? 56 இடங்களில் கைவிரித்தார்கள். 57-ஆவதாக லைகமிங் டெய்ரி என்ற பால் நிறுவனம் ஒப்புக்கொண்டது. பிறகு லண்டி லம்பர் என்ற மரக்கடையும் ஜம்போ பிரெட்ஸல் என்ற தின்பண்ட நிறுவனமும் சேர்ந்தன. மூன்று அணிகள், ஜார்ஜ் பெபிள், பெர்ட் பெபிள் என்ற இருவரும் ஸ்டாட்ஸும் ஆளுக்கு ஓர் அணியைப் பார்த்துக்கொண்டார்கள். 1939 ஜூன் 6 அன்று முதல் ஆட்டம். லண்டி லம்பர் 23, லைகமிங் டெய்ரி 8. அந்த 23-ஐப் பார்த்தாலே தெரிகிறது, ஆட்டம் அன்று அத்தனை நேர்த்தியாக இருந்திருக்காது.

அந்த 60 அடி எப்படி வந்தது என்பதில்தான் ஸ்டாட்ஸின் கை தெரிகிறது. அவர் எந்த நூலையும் பார்த்து எழுதிக்கொள்ளவில்லை. 90-ஐ மூன்றில் இரண்டாக வகுத்துப் பார்த்தார் என்று சொன்னால் விடை சரியாகத்தான் வரும், ஆனால் வழி தப்பு. அண்டை வீட்டுப் பையன்களைக் கூட்டிவைத்து ஓடச் சொன்னார், எறியச் சொன்னார், தூரத்தை மாற்றினார், திரும்ப ஓடச் சொன்னார். பெரியவர்களின் ஆட்டத்தில் உள்ள அந்த மயிரிழைப் பந்தயம் சிறுவர்களிடமும் நிகழும் இடம் எதுவோ அதுவே சரியான தூரம். இதை வைத்துப் பார்த்தால், அவர் பையன்களுக்காக ஆட்டத்தைச் சுலபமாக்கினார் என்று சொல்வது தவறு. பெரியவர்களுக்கு அது எவ்வளவு கடினமோ அவ்வளவு கடினமாகப் பையன்களுக்கும் ஆக்கினார். தையற்காரர் அப்பாவின் சட்டையை மடித்துத் தைத்துக் கொடுக்காமல் பையனுக்கென்று துணி வெட்டியது போல. பந்தெறிபவனுக்கும் அடிப்பவனுக்கும் இடையிலான தூரம், மட்டையின் கனம், ஆட்டத்தின் நீளம் (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பதில் ஆறு) எல்லாமே இந்தக் கண்ணோடு குறைக்கப்பட்டன.

இரண்டாவது அளவு அவ்வளவு எளிதில் கண்ணில் படாது. ஒரு லீக் என்பது எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? ஆரம்பத்திலேயே எல்லை வகுத்துவிட்டார்கள்: ஏறக்குறைய 15,000 பேர் வாழும் பகுதிக்கு ஒரு லீக். அதற்குள் இருக்கும் பையன்தான் ஆடலாம். பெருநகரமானால் பல லீக்குகள். பத்துத் தெருக்களுக்கு அப்பாலிருந்து திறமைசாலிப் பையனைக் கொண்டுவந்து இறக்க முடியாது. இருக்கிறவர்களை வைத்துக்கொண்டுதான் ஆட வேண்டும், ஆகவே இருக்கிறவர்களைப் பழக்கியாக வேண்டும். பயிற்சியாளருக்கு ஒவ்வொரு பையனின் வீடும் தெரியும், அவன் அப்பனுக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்பதும் தெரியும். ஒரு தோல்விக்குப் பிறகு அவன் ஏன் மைதானத்துக்கு வரவில்லை என்று போய்க் கேட்க முடியும். சம்பளமில்லாத வேலை நடப்பதற்கு இந்தச் சிறிய எல்லைதான் காரணம். அலுவலகம் முடிந்து மாலையில் நடந்தே போய்ச் சேரும் தூரத்தில் மைதானம் இருந்தால், ஓர் எழுத்தர் இருபது வருடம் பயிற்சியாளராக இருக்கலாம். ஐம்பது மைல் தள்ளியிருந்தால் இரண்டே வருடத்தில் சலித்துவிடுவார், அவர் எத்தனை உத்தமராக இருந்தாலும். அர்ப்பணிப்பு மனிதரின் குணம் என்று நினைக்கிறோம்; பாதி அது ஏற்பாட்டின் குணம்.

யுத்தம் முடிந்த மறுவருடம், 1946-ல், மொத்தம் 12 லீக்குகள், எல்லாம் பென்சில்வேனியாவுக்குள்ளேயே. 1947-ல் அவற்றின் தேர்ந்த அணிகளை வில்லியம்ஸ்போர்ட்டில் சேர்த்து ஒரு போட்டி நடத்தினார்கள்; பின்னாளில் உலகப் போட்டி ஆனது அதுதான். உள்ளூர் மேனார்ட் மிட்ஜெட்ஸ் அணி லாக் ஹேவன் அணியை 16-7 என்று வென்றது. பிறகு நடந்ததை எண்களில் சொன்னால் போதும். 1948-ல் 94 லீக்குகள். 1949-ல் சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் இதழில் கட்டுரை வந்தது. லீக்குகள் 307 ஆயின. 1952-ல் 1,500-க்கு மேல். 1953-ல் இறுதி ஆட்டத்தை சிபிஎஸ் தொலைக்காட்சி ஒளிபரப்பியது. இந்த வீக்கத்துக்குப் பணம் போட்டது யு.எஸ். ரப்பர் என்ற பெருநிறுவனம். கெட்ஸ் காலணிகளைச் செய்தவர்கள் அவர்கள்தாம். பையன்கள் ஓடும் ஆட்டத்தில் காலணி விற்பவருக்கு அக்கறை வருவதில் வியப்பு இல்லை. 1952-ல் அந்த நிறுவனத்தின் அதிகாரி பீட்டர் மெக்கவர்ன் லிட்டில் லீக்கின் முதல் முழுநேரத் தலைவரானார். ஸ்டாட்ஸுக்கு ஆணையர் என்ற பட்டம் கிடைத்தது. பட்டம் பெரிதாகும்போது அதிகாரம் சுருங்குவது அலுவலகங்களில் புதிதல்ல.

ஸ்டாட்ஸுக்கும் அலுவலகத்துக்கும் சண்டை மூண்டது. எதைப் பற்றி? பணத்தைப் பற்றி என்று மேலோட்டமாகச் சொல்லிவிடலாம். வியாபாரம் மிதமிஞ்சிப் போகிறது என்று ஸ்டாட்ஸ் குறைப்பட்டது உண்மை. அடியில் இருந்தது வேறு. இயக்குநர் குழுவில் நிறுவனத்தின் ஆட்கள் கை ஓங்கியிருந்தது. ஊர்களில் மைதானத்தைக் கூட்டிப் பெருக்கிக் கோடு போடுகிறவர்களுக்கு முடிவெடுப்பதில் குரல் இல்லை. அவர்களுக்குப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்றார் ஸ்டாட்ஸ். 1955-ன் கடைசியில் தான் தொடங்கிய அமைப்பின் மேலேயே வழக்குப் போட்டார். 1956 தொடக்கத்தில் சமரசம் ஆனது. அத்தோடு அவருக்கும் லிட்டில் லீக்குக்கும் தொடர்பு அறுந்தது. அப்போது அவருக்கு வயது 46. பால் நிறுவனத்தின் 30 டாலரும் ரப்பர் நிறுவனத்தின் ஆயிரங்களும் ஒரே வகைப் பணம்தானே என்று கேட்கலாம். ஒன்றல்ல. பால் நிறுவனம் அணியின் சட்டையில் தன் பெயரைப் பார்த்துத் திருப்தி அடைந்தது. அதன் முதலாளியைத் தெருவில் பார்த்து நாலு வார்த்தை கேட்க முடியும். ரப்பர் நிறுவனம் தலைவரையே அனுப்பிவைத்தது.

இங்கே முதல் மறுப்பு எழும். அந்தப் பணமும் அந்த அலுவலகமும் இல்லாமல் லிட்டில் லீக் பென்சில்வேனியாவைத் தாண்டியிருக்குமா? மெக்ஸிகோவின் மான்டெர்ரே நகரத்து ஏழைப் பையன்கள் 1957-ல் வில்லியம்ஸ்போர்ட் வந்து, இறுதி ஆட்டத்தில் ஆங்கெல் மஸியாஸ் எதிரணியில் ஒருவனைக்கூட முதல் பேஸைத் தொடவிடாமல் எறிந்து வென்ற அதிசயம் நடந்திருக்குமா? தைவான் 1969-லிருந்து இந்தக் கோப்பையைத் தேசிய மானமாகக் கொண்டு மீண்டும் மீண்டும் வென்றிருக்குமா? இன்னொன்றும் சொல்வார்கள். 1955-ல் அலுவலகம் வேலைக்கு எடுத்த உடலியல் ஆய்வாளர் கிரைட்டன் ஹேல், பந்து தலையில் பட்டு அடிபடுவதைத் தடுக்க இரு காதுகளையும் மூடும் தலைக்கவசத்தை உருவாக்கினார். இன்று பெரியவர்களின் ஆட்டம்வரை அந்த வடிவம் பரவியிருக்கிறது. ஊர்ப் பயிற்சியாளர் எவரும் தனியாக இதைச் செய்திருக்க முடியாது. மறுப்பின் இந்தப் பகுதியை முழுமையாக ஒப்புக்கொள்ள வேண்டும். அலுவலகத்துக்கு ஆய்வுக்கூடம் வைக்க முடியும், காப்பீடு எடுக்க முடியும், தூரதேசத்துக் கடிதத்துக்குப் பதில் போட முடியும். ஸ்டாட்ஸும் இதை மறுத்ததாகத் தெரியவில்லை. ரப்பர் நிறுவனம் உள்ளே வந்தபோது அவரும் மகிழ்ந்தவர்தான். கேள்வி அலுவலகம் வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. பிள்ளையின் அளவை எடுப்பவர் யார், அந்த அளவை மாற்றும் உரிமை யாருக்கு என்பதே கேள்வி. 1939-ல் இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தன. 1956-க்குப் பிறகு அளவு எடுப்பவர் ஆயிரம் ஊர்களில் இருந்தார், மாற்றுபவர் ஓர் அறையில் இருந்தார்.

இரண்டாவது மறுப்பு கனமானது, இதைத் தட்டிக் கழிக்க முடியாது. ஊர், ஊர் என்கிறீர்களே, ஊர் என்பது நல்லவர்களின் கூட்டமா? 1955 கோடையில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் கேனன் தெரு ஒய்.எம்.சி.ஏ. என்ற கறுப்பினச் சிறுவர்களின் அணி மாநிலப் போட்டிக்குப் பெயர் கொடுத்தது. அந்த மாநிலத்தின் வெள்ளையர் அணிகள் 61-ம் விலகிக்கொண்டன. விலகச் சொன்னவர்கள் யார்? தன்னார்வலர்கள்தாம், மாலையில் மைதானத்துக்கு வந்து கூலியின்றிப் பயிற்சி கொடுத்தவர்கள்தாம். பிறகு அவர்கள் தங்களுக்கென்று இனப்பாகுபாடு கொண்ட தனிச் சிறுவர் லீக் அமைத்துக்கொண்டார்கள். 1967 வரை அதில் கறுப்பினப் பையனுக்கு இடமில்லை. வில்லியம்ஸ்போர்ட் அலுவலகம், இனவாரியாகப் போட்டி நடத்த அனுமதி தரமாட்டோம் என்று உறுதியாக நின்றது. ஆக, ஊர் கெட்டது, அலுவலகம் நல்லது என்று வாதத்தை முடித்துவிடலாம் போலத் தோன்றும். ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. எதிரணிகள் விலகியதால் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் கேனன் தெரு அணி மாநில வெற்றியாளரானது. மைதானத்தில் ஆடி வென்ற அணிதான் மேலே போகலாம் என்று விதி இருக்கிறது, ஆகவே உங்களை அனுமதிக்க முடியாது என்றது அதே அலுவலகம். விருந்தினராக வாருங்கள் என்று அழைத்தார்கள். அந்தப் பையன்கள் நெடுந்தூரம் பேருந்தில் போய், வில்லியம்ஸ்போர்ட் மைதானத்தில் கொஞ்சம் பயிற்சி செய்துகாட்டிவிட்டு, பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தார்கள். அவர்களை ஆடவிடுங்கள் என்று கூட்டத்திலிருந்து குரல் எழுந்தது. விதி அசையவில்லை.

அந்தக் கோடையில் ஸ்டாட்ஸ் இன்னும் அமைப்பில்தான் இருந்தார். பெருமையில் அவருக்குப் பங்கு கொடுத்தால் இதிலும் கொடுக்க வேண்டும். பெண்பிள்ளைகள் விஷயத்திலும் அப்படியே. 1950-ல் நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் நகரில் கேத்ரின் ஜான்ஸ்டன் என்ற சிறுமி பையன் பெயரில் அணியில் சேர்ந்து ஆடினாள். உண்மை தெரிந்த பிறகும் அவளுடைய பயிற்சியாளர் அவளை வைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டே பெண்பிள்ளைகள் ஆடக்கூடாது என்று விதி எழுதப்பட்டது. அப்போது அமைப்பின் தலைமையில் இருந்தவர் ஸ்டாட்ஸ். பையனின் உடம்பை அவ்வளவு கவனமாகப் பார்த்தவருக்கு, அவனுடைய தங்கையும் மைதானத்தின் வெளியே நிற்கிறாள் என்பது தெரியாமல் போயிற்று. அவர் காலத்து மனிதர் என்று சொல்லி இதைக் கடந்துபோவது நியாயமில்லை, கேத்ரினின் பயிற்சியாளரும் அதே காலத்து மனிதர்தான்.

1972-ல் நியூஜெர்ஸியின் ஹோபோக்கனில் இது திரும்ப நடந்தது, இம்முறை வெளிச்சத்தில். மரியா பெப்பே என்ற 12 வயதுச் சிறுமி மூன்று ஆட்டங்களில் பந்தெறிந்தாள். அவளைச் சேர்த்துக்கொண்டவர் உள்ளூர்ப் பயிற்சியாளர்; அவர் பார்த்தது அவள் பந்து எறியும் விதத்தை. தலைமையகம், அவளை நீக்காவிட்டால் ஊரின் அனுமதியையே ரத்துசெய்வோம் என்று எச்சரித்தது. மற்றப் பையன்களின் ஆட்டமும் போய்விடும் என்ற நிலையில் அவள் வெளியேற நேர்ந்தது. தேசியப் பெண்கள் அமைப்பு வழக்கை எடுத்து நடத்தியது. விசாரணையில் தலைமையகம் முன்வைத்த வாதங்களில் ஒன்று, பெண்பிள்ளைகளின் எலும்பு பலம் குறைந்தது என்பது. அதைச் சொன்னவர் தலைக்கவசம் செய்த அதே ஹேல். இங்கே நம் கேள்வி கூர்மையாகத் திரும்பி வருகிறது. ஹேலிடம் இருந்ததும் அளவுதான். ஆனால் அது மரியாவிடம் எடுத்த அளவு அல்ல. எந்த எலும்பையோ அளந்து வந்த எண்ணை வைத்து, கண்முன்னே பையன்களை அவுட் ஆக்கிக்கொண்டிருந்த ஒரு பிள்ளையை எறிய முடியாதவள் என்றார்கள். விசாரணை அதிகாரி சில்வியா பிரெஸ்லர் 1973 நவம்பரில் இதை ஏற்கவில்லை; 1974-ல் விதி மாறியது. அதற்குள் மரியாவின் வயது தாண்டிவிட்டது.

சார்ல்ஸ்டனையும் ஹோபோக்கனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஊர் நல்லது என்றும் சொல்ல முடியாது, அலுவலகம் நல்லது என்றும் சொல்ல முடியாது. சார்ல்ஸ்டனில் வெள்ளையர் அணிகளை விலக்கியவர்கள் எதிரே நின்ற பையன்களைப் பார்க்க மறுத்தவர்கள். அவர்களை ஆடவிடாத அலுவலகமும் பையன்களை விட்டுவிட்டு விதிப்புத்தகத்தைப் பார்த்தது. ஹோபோக்கனிலும் கார்னிங்கிலும் பயிற்சியாளர்கள் பிள்ளையைப் பார்த்தார்கள். நான் ஊர்ப் பயிற்சியாளருக்காக வாதாடுவது, அவர் எப்போதும் பார்ப்பார் என்பதற்காக அல்ல. பார்க்கிற வாய்ப்பு அவருக்கு மட்டுமே இருக்கிறது என்பதற்காக. அவர் கண்ணை மூடிக்கொண்டால் தட்டித் திறக்கச் சட்டம் வேண்டும். 2003-லிருந்து லிட்டில் லீக்கில் தன்னார்வலர்களின் குற்றப் பின்னணியைச் சோதிப்பது கட்டாயம். அர்ப்பணிப்பு என்ற சொல்லின் மறைவில் பிள்ளைகளிடம் தகாதபடி நடந்துகொண்டவர்கள் உலகெங்கும் உண்டு என்பதால் அது தேவையான விதி. இப்படிப்பட்ட விதிகளை ஊர் தானாக எழுதிக்கொள்ளாது.

மூன்றாவதாக ஒரு மறுப்பு, இது ஸ்டாட்ஸின் முதல் அடியையே கேள்வி கேட்கிறது. பிள்ளைகள் தாங்களாகவே காலிமனையில் ஆடிக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் வந்து சீருடை மாட்டி, கோடு போட்டு, புள்ளிக்கணக்கு எழுதி அந்தச் சுதந்திரத்தைப் பறித்தார்கள் என்பது. லிட்டில் லீக்கில் வளர்ந்து 1953-ல் முதன்முதலாகத் தொழில்முறைப் பெரிய லீக்குக்குப் போன பந்தெறிபவர் ஜோயி ஜே. அவரே 1960-களில், உங்கள் மகனை இந்தப் பைத்தியத்தில் சிக்கவைக்காதீர்கள் என்ற பொருளில் ஒரு பத்திரிகைக் கட்டுரை எழுதினார். பந்தெறியும் சிறுவர்களின் முழங்கை தேய்வதற்கு மருத்துவர்கள் 1960-லேயே இந்த லீக்கின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். ஒரு பையன் ஒரு நாளில் இத்தனை பந்துக்குமேல் எறியக்கூடாது என்ற விதி வர 2007 ஆயிற்று. காலிமனைச் சுதந்திரத்தைக் கொஞ்சம் அழகுபடுத்திச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. காலிமனையில் பெரிய பையன்கள் சின்னவனை விரட்டினார்கள், ஸ்டாட்ஸே அப்படி விரட்டப்பட்டவர்தான். ஆனால் முழங்கை விஷயத்தில் மறுப்புக்கு வலு உண்டு. அங்கே அளவு தப்பியது, தப்பவைத்தது வெற்றி. தொலைக்காட்சியும் கோப்பையும் வந்த பிறகு பயிற்சியாளரின் கண் பையனின் தோளிலிருந்து புள்ளிப் பலகைக்குப் போனது.

2001-ல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி அணி ஒன்று உலகப் போட்டியில் மூன்றாமிடம் வந்தது. அதன் பந்தெறிபவனைக் கண்டு நாடே மலைத்தது. பிறகு தெரிந்தது, 12 வயதுக்காரர்களின் போட்டியில் அவனுக்கு 14 வயது, பிறப்புச் சான்றிதழ் பொய். 2014-ல் அமெரிக்க வெற்றியாளரான சிகாகோவின் ஜாக்கி ராபின்சன் வெஸ்ட் அணி, எல்லைக்கு வெளியிலிருந்து பையன்களைச் சேர்த்ததற்காக அடுத்த ஆண்டு பட்டத்தை இழந்தது. பிள்ளைகள் மீது குற்றமில்லை, பெரியவர்கள் செய்த வேலை. இரண்டு தில்லுமுல்லுகளும் எதைத் தொட்டன என்பதைக் கவனிக்கலாம். ஒன்று உடம்பின் அளவை, மற்றது அக்கம்பக்கத்தின் அளவை. 1939-ல் வகுத்த இரண்டு கோடுகளும் ஏன் வகுக்கப்பட்டன என்பதை, அவற்றை அழித்தவர்களே நன்றாக அறிந்திருந்தார்கள். கோடே இல்லையென்றால் பொய்ச் சான்றிதழுக்கு யார் செலவழிப்பார்கள்?

ஸ்டாட்ஸ் 1956-க்குப் பிறகு என்ன செய்தார் என்பது பெரும்பாலான புகழுரைகளில் ஓரிரு வரிகளில் முடிந்துவிடும். எனக்கு அதுவே அவர் வாழ்வின் முக்கியமான பகுதியாகப் படுகிறது. உலகம் முழுவதும் பரவிக்கொண்டிருந்த அமைப்பை இழந்தவர் போட்டியாக இன்னோர் உலக அமைப்பைத் தொடங்கி வெல்லப் பார்க்கவில்லை. போமன் ஃபீல்ட் என்ற ஊர்ப் பெரிய மைதானத்துக்கு எதிரே இருந்த பழைய சிறுவர் மைதானத்தில், ஒரிஜினல் லீக் என்ற பெயரில் தன் ஊர்ப் பையன்களோடு தொடர்ந்தார். அதாவது, 1939-ன் அளவுக்கே திரும்பினார். மனக்கசப்பு இருந்திருக்கும், இல்லாமலிருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் கசப்பில் ஒதுங்கியவர் என்று மட்டும் அதைப் படிக்க முடியவில்லை. தன்னார்வப் பயிற்சியாளரால் நேர்மையாகக் கையாள முடிகிற எல்லை இவ்வளவுதான் என்று அவர் தன் செயலால் சொன்னதாகவும் படிக்கலாம். உலகப் போட்டி 1958 வரை அந்தப் பழைய மைதானத்தில்தான் நடந்தது. 1959-ல் ஆற்றின் தென்கரையில், சவுத் வில்லியம்ஸ்போர்ட்டில், புதிய அரங்கத்துக்குப் போனது. 1964-ல் அமெரிக்க நாடாளுமன்றம் லிட்டில் லீக்குக்குத் தனிச் சாசனம் வழங்கியது. பையன்களுக்குக் கொடுத்த வாக்கைப் பற்றி ஸ்டாட்ஸ் சொல்லி எழுதவைத்த நூல் 1992-ல் வந்தது. அந்த ஆண்டு ஜூன் 4 அன்று 82 வயதில் அவர் இறந்தார்.

வடகரையில் அவருடைய மைதானம், தென்கரையில் தலைமையகம். நடுவே சஸ்குவெஹானாவின் மேல் இரண்டு ஊர்களையும் இணைக்கும் மார்க்கெட் தெருப் பாலத்துக்கு அவர் பெயரைப் பின்னாளில் வைத்தார்கள். ஒவ்வோர் ஆகஸ்டிலும் வில்லியம்ஸ்போர்ட்டில் தங்கி உலகப் போட்டி பார்க்க வருகிறவர்கள் கார்ல் ஸ்டாட்ஸைக் கடந்துதான் அந்தப் பக்கம் போகிறார்கள். அங்கே போய்ச் சேர்ந்தால், பளபளக்கும் புல்லில் ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸுக்கு இன்னமும் 60 அடி.